சகோதரனை ஆதாயப்படுத்தும் சபை

நான்கு நற்செய்தி நூல்களையும் கூர்ந்து நோக்குவோர், 'சபை' எனத் தமிழில் பெயர்க்கப்பட்டுள்ள 'எக்ளேசியா' என்னும் கிரேக்கச் சொல் மத்தேயுவில் மட்டுமே, அதுவும் இரண்டே இடங்களில், வருவதைக் காண்பர். 16:18இல் ஒருமுறையும் 18:17இல் இருமுறையும் அது வருகிறது. எனவே திருச்சபையின் இயல்பையும் நோக்கத்தையும்பற்றி இயேசுபெருமான் யாது கற்பித்தார் என ஆராய்வோர் இவ்விரு பகுதிகளிலிருந்து தொடங்குதல் பொருந்தும். ஆயினும் இவ்விரண்டையும் நாம் ஒரே விதமாக நடத்தவில்லை. முதற்பகுதி உரோமாபுரியிலுள்ள தூய பேதுரு பேராலயத்தின் குவிமாடத்தினுள் இலத்தீனில் பேரெழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளது. 'கல்' என்பது பேதுருவா, அவர் செய்த அறிக்கையா, கிறிஸ்துவேயா என்னும் வழக்கு நூற்றாண்டுகளாக நடைபெறுகிறது. இரண்டாம் பகுதியோ கமிட்டிகளின் நடவடிக்கைப் புத்தகங்களில் தங்கிவிட்டது. அதனை அங்கிருந்து வெளியே கொணர்ந்து மீண்டும் வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயேசு அறிவித்தது இறையாட்சி, ஆனால் வந்ததோ சபை என்னும் கருத்துப்பட 1902இல் பிரான்சு நாட்டு அறிஞர் ஆல்பிரெட் லுவாசி எழுதினார். இது சபையை ஏளனம் செய்யும் கூற்றாகப் பலராலும் எடுத்தாளப்படுகிறது. உண்மையில் 1900இல் வெளிவந்த ஆர்னாக்கின் நூலுக்கு மறுப்பாக, நற்செய்தி வரலாற்றில் நிலைத்து நிற்பதற்குச் சபை தேவையாயிற்று என்று காட்டவே அவர் அதனை எழுதினார். எனினும் அக்கூற்று எழுப்பும் வினா நியாயமானதே. வந்திருக்கும் சபை, அறிவிக்கப்பட்ட ஆட்சிக்கு ஒத்திருக்கிறதா? மத்தேயு 18ஆம் அதிகாரம் இவ்வினாவுக்குத் தன் அமைப்பாலேயே விடை தருகிறது. பரலோக ராஜ்யத்தில் எவன் பெரியவன் என்ற சீடரின் கேள்வியோடு அது தொடங்குகிறது. பரலோக ராஜ்யத்தை ஓர் அரசனுக்கு ஒப்பிடும் உவமையோடு முடிகிறது. சபை என்னும் சொல் இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கிறது. இறையாட்சியின் எல்லைக்குள்ளேயே சபை தன்னைக் காணவேண்டும் என்பது நற்செய்தியாளரின் கருத்து எனலாம்.

15 முதல் 17 வரையுள்ள வசனங்களை இவ்வமைப்பினின்று பிரித்தெடுத்தால் அவை ஒரு வழக்குமன்ற விதியாகத் தோன்றும். முதலில் தனிமையில் செல்வது, பின்னர் சாட்சிகளுடன் செல்வது, அதன்பின் சபைக்கு அறிவிப்பது என்னும் மூன்று படிகளும் முடிந்தால் நீக்கம். ஆனால் இவற்றிற்குச் சற்று முன்னர் நிற்பது வழிதப்பிய ஆட்டின் உவமை. லூக்கா 15இல் இவ்வுவமை முறுமுறுத்த பரிசேயருக்கும் வேதபாரகருக்கும் கூறப்படுகிறது. மத்தேயுவிலோ சீடருக்குக் கூறப்படுகிறது. லூக்கா 'காணாமற்போன' ஆடு என்கிறார். மத்தேயு 'வழிதப்பிய' ஆடு என்கிறார். மந்தையைச் சேர்ந்ததாயிருந்தும் விலகிச் சென்ற ஒன்றைப்பற்றியே மத்தேயு பேசுகிறார். இச்சிறியரில் ஒருவனும் கெட்டுப்போவது பிதாவின் சித்தமன்று என்று உவமையை முடித்த அடுத்த வசனத்திலேயே, குற்றம் செய்த சகோதரனிடம் போகும்படி கட்டளை வருகிறது. ஆகவே 'போ' என்பது மேய்ப்பனின் செலவு, குற்றஞ்சாட்டுவோனின் செலவன்று.

சொற்களும் இதனையே காட்டுகின்றன. 15ஆம் வசனத்திலுள்ள 'உனக்கு விரோதமாக' என்னும் தொடர் சீனாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் இல்லை. அத்தொடரின்றி வாசித்தால், எனக்கு இழைக்கப்பட்ட தீங்கு மட்டுமன்று, சகோதரனின் எந்த வீழ்ச்சியும் என் கவலையாகிறது. அவன் செவிகொடுத்தால் கிடைப்பது வழக்கில் வெற்றி அன்று, சகோதரனே ஆதாயமாகிறான். மூலத்திலுள்ள வினைச்சொல் வணிகத்தில் இலாபம் ஈட்டுவதைக் குறிக்கும் சொல். சபையின் கணக்கில் இலாபம் எது என்பதை இவ்வொரு சொல் தீர்த்துவைக்கிறது.

இது இயேசுவின் வாக்கன்று, பிற்காலச் சபையின் ஒழுங்குமுறையே என்று ஆய்வாளர் பலர் கூறுவர். லூக்கா 17:3–4இல் சகோதரனைக் கண்டித்தலும் மன்னித்தலும் உண்டு; சாட்சிகளும் சபையும் அங்கே இல்லை. இவ்வேறுபாட்டை நாம் மறைக்க வேண்டுவதில்லை. படிமுறை மத்தேயுவின் சபையில் உருப்பெற்றதாயினும், அதனை எங்கே வைப்பது என்பதில் அவர் காட்டிய கவனம் பெரிது. விதியொன்று தேவைப்பட்டபோது, அதன் முன்னே வழிதப்பிய ஆட்டையும், பின்னே ஏழெழுபது தரம் மன்னிக்கும் கட்டளையையும் நிறுத்தி, ஆண்டவரின் போதனையால் அவ்விதியை இருபுறமும் காவல் செய்தார்.

கும்ரானில் 1947இல் முதன்முதல் கண்டெடுக்கப்பட்ட சுருள்களுள் ஒன்றான சமூக ஒழுங்குநூலை இதனோடு ஒப்பிடலாம். சாட்சிகள் முன்னிலையில் கண்டிக்காமல் எவரையும் பொதுக்கூட்டத்தின்முன் கொண்டுவரலாகாது என்று அந்நூலும் விதிக்கிறது. ஆனால் அது தண்டனைகளையும் அளந்து தருகிறது. கூட்டத்தில் உறங்கினால் முப்பது நாள். சொத்தைப்பற்றி அறிந்தே பொய்யுரைத்தால் ஓராண்டு விலக்கும், உணவில் நான்கிலொரு பங்கு குறைப்பும். மத்தேயுவிலோ இத்தகைய அளவைப் பட்டியல் இல்லை. அங்கே எண்ணிக்கை வருவது மன்னிப்புக்கு மட்டுமே. அதுவும் எண்ணி முடியாத எண்ணிக்கை.

இனி 'அஞ்ஞானி', 'ஆயக்காரன்' என்னும் சொற்கள். இவை புறம்பானவரைக் குறிப்பன என்பதை மறுக்கவியலாது, 5:46–47இலும் அப்பொருளே. ஆனால் இந்நூலிலேயே ஆண்டவர் ஆயக்காரரோடு பந்தியிருக்கிறார். சீடர் பட்டியலில் மத்தேயு ஆயக்காரன் என்றே குறிக்கப்படுகிறார். இறுதியில் சகல ஜாதிகளையும் சீஷராக்கக் கட்டளை பிறக்கிறது. புறம்பானவன் என்றால் மீண்டும் தேடப்படவேண்டியவன் என்றே பொருள். மேலும் அவ்வசனத்தில் வருவது 'உனக்கு' என்னும் ஒருமை. சபையிடம் சென்ற பின்னும், முதலில் தனியே சென்றவனின் பொறுப்பு தீரவில்லை.

20ஆம் வசனத்தையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். ஜெபக்கூட்டத்திற்கு வந்தோர் தொகை குறைந்தபோது நாம் ஆறுதலாகச் சொல்லும் வசனம் அது. ஆனால் 'இரண்டு மூன்று பேர்' என்போர் 16ஆம் வசனத்திலேயே வந்துவிட்டனர். சகோதரனைத் தேடி அவன் வாசலுக்குச் செல்லும் சாட்சிகளை அங்கே கண்டோம். ஆண்டவரின் பிரசன்ன வாக்குறுதியைக் கேட்கும்போது அவர்களையும் நினைக்காதிருக்க இயலாது.

இவ்வளவும் எழுதும் நாம் குற்றமற்றவர் அல்லேம். ஆயர் பணியின் தொடக்க ஆண்டுகளில், காணிக்கைக் கணக்கைப்பற்றிக் கடுஞ்சொல் பேசிய ஒருவரைச் சபைப் பதிவேட்டினின்று நீக்கும் தீர்மானத்தில் கையொப்பமிட்டோம். மத்தேயு 18:17 தீர்மானத்தில் எடுத்துக்காட்டப்பட்டிருந்தது. அவர் இறந்து பல நாட்கள் சென்றபின் அவருடைய மகன் எம்மிடம் வந்து, "ஐயா, அந்தத் தீர்மானத்துக்கு முன்னாலே எங்கள் வீட்டுக்கு யாராவது வந்தீர்களா?" என்று கேட்டார். எவரும் செல்லவில்லை. மூன்றாம் படியை முதற்படியாக்கி, அதற்குத் திருமறையைச் சான்று காட்டியிருந்தோம்.

அங்ஙனமாயின் சபையில் ஒழுங்கு வேண்டாவோ எனின், வேண்டும். 1561ஆம் ஆண்டின் பெல்ஜிக் விசுவாச அறிக்கை, ஒழுங்கைத் திருச்சபையின் மூன்றாம் அடையாளமாக வைத்தது, அது வீணன்று. அதிகாரத்தின் முற்பகுதியில் எந்திரக்கல்லைப்பற்றிய எச்சரிப்பு உண்டு. சிறியரை இடறச் செய்கிறவனை அது விடுவதில்லை. எளியோரைக் கெடுத்த வல்லவரை மறைப்பதற்கு மன்னிப்பின் வசனங்களைப் பயன்படுத்துவோர் இவ்வதிகாரத்தைத் தலைகீழாக வாசிக்கின்றனர். தீங்குற்ற குழந்தையை, தீங்கிழைத்தவனிடம் தனியே போ என்று இது பணிக்கவில்லை. சிறியரைக் காப்பதும் வழிதப்பியவனைத் தேடுவதும் ஒரே மேய்ப்பின் இரு செயல்கள்.

16:19இல் பேதுருவுக்குக் கொடுக்கப்பட்ட கட்டும் அதிகாரமும் கட்டவிழ்க்கும் அதிகாரமும் 18:18இல் பன்மையில் கொடுக்கப்படுகின்றன. அவ்வதிகாரம் நம் கையில் இருக்கிறது. ஆதலால் உடன் ஊழியரிடமும் மாணவரிடமும் நாம் வேண்டுவது ஒன்றே. எவரையேனும் நீக்கும் தீர்மானம் உங்கள் மேசைக்கு வரும்போது, இவர் வீட்டுக்குத் தனியே சென்றவர் யார், எந்நாளில் சென்றார் என்று கேளுங்கள். விடை கிடைக்காவிடில் பேனாவை மூடிவைத்துவிட்டு, நீங்களே புறப்பட்டுச் செல்லுங்கள்.