இரங்கலும் இரக்கமும்: பழைய ஸ்காட்ஸ் மொழியில் ‘ரூத்’ என்னும் சொல்லின் பொருள் வரலாறு

முன்னுரை

ஒரு சொல்லுக்குரிய பொருள்களை அகராதி எண்ணிட்டுப் பிரித்துக் காட்டும். வழக்கிலோ அப்பொருள்கள் அவ்வாறு பிரிந்து நிற்பதில்லை. ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதியில் ஆங்கிலத்தின் உடன்பிறப்பாக வளர்ந்த ஸ்காட்ஸ் மொழியில் இரக்கத்தைக் குறித்து வழங்கிய ‘ரூத்’ என்னும் பழஞ்சொல் இதற்குத் தக்க சான்றாகும். இச்சொல்லுக்கு ‘இரக்கம்’ என்று மட்டும் பொருள்கொள்வது போதுமா என்பதை, அதன் வினையடியையும் அதனோடு உடன்வழங்கிய கடன்சொல்லையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்பிறப்பு

‘ரூத்’ என்பது ‘ரூ’ என்னும் வினையிலிருந்து பிறந்த பண்புப்பெயர். இவ்வினையின் பழைய ஆங்கில வடிவம் வருந்துதல், மனம் நோதல் ஆகிய பொருள்களைத் தந்தது. அதனோடு உறவுடைய பெயர்ச்சொல் துயரத்தையும், செய்த பிழைக்கு வருந்தும் கழிவிரக்கத்தையும் குறித்தது. இதே வேரைச் சேர்ந்த ஜெர்மன் சொல்லான ‘ராய்ய’ இன்றும் கழிவிரக்கத்தையே சுட்டுகிறது. ஆகவே இச்சொல்லின் தொன்மைப் பொருள் தன் நெஞ்சில் உணரும் நோவு. பிறர்மீது கொள்ளும் பரிவு அதிலிருந்து கிளைத்த பொருள். பிறர் துயரைத் தன் நோவாக உணரும் நிலையே அக்கிளைப்புக்கு இடமளித்தது எனலாம்.

பார்பரின் காப்பியத்தில் இரு சொற்கள்

அபர்தீன் தலைமைத் திருத்தொண்டரான ஜான் பார்பர் 1370களில் இயற்றிய ‘புரூஸ்’ காப்பியத்தில் இவ்வாய்வுக்கு இன்றியமையாத ஒரு நிகழ்ச்சி உண்டு. அயர்லாந்துப் படையெடுப்பின்போது, லிமெரிக் அருகே படை புறப்படும் வேளையில், ஒரு பெண்ணின் கதறல் மன்னன் ராபர்ட் புரூஸின் செவியில் விழுகிறது. படையுடன் வந்த சலவைப்பெண் ஒருத்திக்குப் பேறுகால வலி கண்டிருக்கிறது என்கிறார்கள். அவளை அந்நிலையில் விட்டுச் செல்லத்தகாது என்று மன்னன் படையை நிறுத்துகிறான். கூடாரம் அமைக்கச் செய்து, துணைக்குப் பெண்களை இருத்துகிறான். குழந்தை பிறக்கும்வரை காத்திருக்கிறான். அவளைக் கொண்டுசெல்லும் வகையையும் ஏற்பாடு செய்த பின்னரே புறப்படுகிறான்.

மன்னனின் சிறு கூற்றில் ‘பிட்டே’ என்னும் பிரெஞ்சுவழிச் சொல்லும் ‘ரூ’ என்னும் வினையும் அடுத்தடுத்து வருகின்றன. இவற்றை ஒருபொருட் பன்மொழி என்று கடந்துவிட இயலாது. அவளை விட்டுச் செல்வது எத்தகைய செயலாகும் என்ற மதிப்பீட்டைப் ‘பிட்டே’ தருகிறது. அத்தகைய பெண்ணுக்காக நெஞ்சு நோகாத ஆடவன் இருக்க முடியாது என்னும் பொதுவுணர்வை ‘ரூ’ தருகிறது. முன்னது நிலைமையைப் பற்றியது. பின்னது மனிதனைப் பற்றியது. கவிஞர் அச்செயலை முடிவில் பெருந்தன்மை சார்ந்த அரசவைப் பண்பு என்றே போற்றுகிறார். மன்னனோ எல்லா ஆடவர்க்கும் பொதுவான நோவு என்று கூறியதைக் கவிஞர் உயர்குடிப் பண்பாக மாற்றிக் காட்டுவது நோக்கத்தக்கது.

ஹென்றிசனின் ‘பியட்டி’

பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ராபர்ட் ஹென்றிசனின் ‘கிரெசிடின் இறுதி முறி’ இச்சிக்கலை மேலும் கூர்மையாக்குகிறது. தொழுநோயுற்று இரந்துண்ணும் கிரெசிடை, அவளுடைய பழைய காதலன் டிராய்லஸ் வழியில் காண்கிறான்; இன்னாரென அறியவில்லை. எனினும் அம்முகம் கிரெசிடின் நினைவை எழுப்ப, அரைக்கச்சையையும் பொற்பையையும் அவள் மடியில் இட்டுச் செல்கிறான். இச்செயலுக்குக் கவிஞர் கூறும் காரணம், வீரனுக்குரிய ‘பியட்டி’யும் கிரெசிடின் நினைவும் ஆகும்.

லத்தீன் ‘பியெத்தாஸ்’ என்பதிலிருந்து வந்த இச்சொல் அக்காலத்தில் இரக்கத்தையும், கடப்பாடு தவறாத பற்றையும் ஒருங்கே சுட்டியது. ஆங்கிலத்தில் இவை பின்னர் இரு தனிச்சொற்களாகப் பிரிந்தன. இங்கு ‘இரக்கம்’ என்று மட்டும் கொண்டால் டிராய்லஸின் செயல் ஒரு நோயாளிக்கு இட்ட பிச்சையாகச் சுருங்கிவிடும். ‘பற்று’ என்று மட்டும் கொண்டால் அவன் அவளை அறியவில்லை என்னும் கதையின் அடித்தளமே தகரும். அறியாதவளுக்கு இரங்கும் அதே கணத்தில் அறிந்தவளுக்கு உண்மையுடையவனாகவும் இருக்கிறான் என்னும் முரணை இருபொருளும் கொண்ட சொல்லே தாங்க முடியும்.

பொருள் குறுக்கம்

பிற்கால ஸ்காட்ஸ் வழக்கில் ‘ரூ’ பெரும்பாலும் பரிவுப் பொருளை இழந்து, மனம் மாறி வருந்துதலைக் குறிக்கலாயிற்று. ‘ரூ எடுத்தல்’ என்னும் தொடர் திருமணப் பேச்சு அல்லது உடன்படிக்கையிலிருந்து பின்வாங்குவதைச் சுட்டுகிறது. பேரத்தை முறிப்பவர் தரும் ஈட்டுத்தொகைக்கு ‘ரூ பேரம்’ என்று பெயர். மன்னன் படையை நிறுத்திய வினை, சந்தைப் பேரத்தை முறிக்கும் வினையாயிற்று. ‘ரூத்’ என்னும் பெயரோ இன்றைய ஆங்கிலத்தில் ‘இரக்கமற்ற’ எனப் பொருள்படும் ‘ரூத்லெஸ்’ என்னும் எதிர்மறைச் சொல்லில்தான் பெரிதும் எஞ்சியுள்ளது.

தமிழில் பெயர்த்தல்

தமிழ் ஆய்வாளர்க்கு இவ்வரலாறு அயலானதன்று. ‘இரங்கு’ என்னும் வினையிலிருந்து நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கலும் பிறர்மீது கொள்ளும் இரக்கமும் தோன்றின. ‘இரங்கற்பா’, ‘கழிவிரக்கம்’ ஆகிய சொற்களில் அவ்விரு கிளைகளும் இன்றும் உயிரோடுள்ளன. ஆதலின் ‘ரூத்’ என்பதற்கு ‘கருணை’யைவிட ‘இரக்கம்’ பொருத்தமானது. வடமொழிவழி வந்த ‘கருணை’ மேலிருந்து கீழ்நோக்கும் அருளையே பெரிதும் உணர்த்துகிறது. ‘ரூத்’தில் உள்ள சொந்த நோவு அதில் இல்லை. ஆனால் இயற்சொல்லுக்கு ‘இரக்கம்’, கடன்சொல்லான ‘பியட்டி’க்குக் ‘கருணை’ என்று இணைவைப்பதும் தவறாகும். கடப்பாட்டுப் பொருளை அது விட்டுவிடும்.

முடிவுரை

இரக்கம் என்னும் உணர்வு எக்காலத்தும் ஒன்றே, சொற்கள் மட்டுமே மாறுகின்றன என்னும் எண்ணம் ஒப்பிலக்கிய வகுப்பறைகளில் எளிதாக ஏற்கப்படுகிறது. ‘ரூத்’தின் வரலாறு அதை மறுக்கிறது. தன் நோவையும் பிறர் நோவையும் ஒரே சொல்லால் வழங்கிய மக்கள் அவற்றினிடையே நாம் இடும் எல்லையை அவ்வாறே இட்டிருக்க வேண்டியதில்லை. பழம்பனுவலைப் பெயர்ப்பவர் அகராதியின் பொருள் எண்களுள் ஒன்றைத் தெரிவுசெய்யுமுன், அவ்வெண்கள் தொகுப்பாளர் இட்டவை என்பதையும் அக்கவிஞர் அவற்றை அறியார் என்பதையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.