முரண்நகைக்கு ஓர் உரைகல்

முரண்நகையைச் சொல்லில் அமைவது, காட்சியில் அமைவது, சூழலில் அமைவது என மூன்றாகப் பகுப்பது பழகிய வழி. வகை பிரிக்க அது உதவும். தரம் பிரிக்கப் போதாது. சொல்லுக்கும் கருத்துக்கும், பாத்திரம் அறிந்ததற்கும் வாசகர் அறிந்ததற்கும், செயலுக்கும் விளைவுக்கும் இடையே விலக்கம் இருந்தால் வகை தெரிந்துவிடும். அந்த விலக்கத்தை உண்டாக்கியது எது, அதைக் கண்டுகொள்ளும் பொறுப்பு யாரிடம் விடப்பட்டது என்ற இரு கேள்விகளுக்குப் பிறகே தரம் தெரியும்.

சொல்முரணில் நம் மரபின் உச்சம் புறநானூற்றின் 95ஆம் பாடல். தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவை, பீலி சூடி நெய் பூசிய அவன் படைக்கலங்களின் அழகைப் போற்றுகிறார். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் களத்தில் கிடப்பதாகச் சொல்கிறார். எந்தப் படை வலியது என்பதை மட்டும் சொல்வதில்லை. கடைசிவரை புகழ்ச்சி கலையாமல் நிற்பதே இதன் செம்மை. பின்னாளில் அணியிலக்கணம் இதை வஞ்சப்புகழ்ச்சி என்று வகுத்தது. காளமேகம் கையில் அது சொல்லாற்றலாகப் பெருகியது. ஆனால் ஔவையின் தூதுக்குப் பின்னால் நின்ற போரின் கனம் அங்கே இல்லை.

காட்சிமுரணில் சிலப்பதிகாரத்தை மிஞ்ச ஒன்றில்லை. அரசியின் சிலம்பைத் திருடியவனிடமே கோவலன் கண்ணகியின் சிலம்பை விலைபேசக் கொடுக்கிறான். நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. அவன் நம்பிக்கை, பொற்கொல்லனின் அச்சம், பாண்டியனின் அவசரம் ஆகியவை அவரவர் இயல்புக்குப் பொருந்தியே நடந்து, சேர்ந்து ஒரு கொலையாகின்றன. இந்தக் கட்டுக்கோப்பே இளங்கோவின் சாதனை. ஆனால் மதுராபதித் தெய்வம் வந்து முற்பிறவிக் கணக்கைச் சொல்லும்போது பிடி தளர்கிறது. மனிதச் செயல்களாலேயே முழுமைபெற்ற முரணுக்கு ஊழ்வினை வெளியிலிருந்து ஒரு விளக்கத்தைச் சேர்க்கிறது. காப்பியத்தின் அறநோக்கு அதைக் கேட்டது, கலை கேட்கவில்லை.

புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ சூழல்முரணைச் சேரிக்குக் கொண்டுவந்தது. தலைப்பே ஒரு சொல்முரண். அடிபட்டுக் கிடக்கும் கணவன் பால்கஞ்சிக்கு ஆசைப்படுகிறான். அதற்கான காசைத் தேடி அம்மாளு இருட்டுச் சந்துக்குள் போகிறாள். கணவன் மீதுள்ள பரிவே கற்பு விதியை மீற வைக்கிறது. நிகழ்ச்சி தன்னளவில் நிறைவாகப் பேசிவிடுகிறது. அதன்பிறகு கதைசொல்லி கற்புப் பேசுவோரை நேரே விளித்து முடிப்பதில் ஆவேசம் உண்டு. வாசகர் செய்யவேண்டிய வேலையை ஆசிரியரே எடுத்துக்கொண்ட குறையும் உண்டு.

வாழ்வின் முரணுக்கும் இதே உரைகல்தான். ஓசூரை அடுத்த தொரப்பள்ளி, மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜி பிறந்த ஊர். அந்த மண்ணில், மூக்கண்டப்பள்ளி போன்ற தொழிற்பேட்டைப் பகுதியில், உழைப்பவரின் கூலி டாஸ்மாக் கடைக்குப் போவதை முரண்நகை என்று சொல்லிவிடலாம். அதில் வருத்தம் நியாயமானது, திறனாய்வு இல்லை. ஒருவர் பிறந்த ஊரும் ஒரு கடை இருக்கும் இடமும் அருகருகே அமைவது வெறும் தற்செயல்.

வலுவான முரண் வரிச்சட்டத்தில் இருக்கிறது. 1937இல் சென்னை மாகாணப் பிரதமரான ராஜாஜி, அன்று ஓசூரும் அடங்கியிருந்த சேலம் மாவட்டத்தில் முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 2003இல் சில்லறை மது விற்பனையே அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கைக்கு வந்தது. விற்பனை வரி 2007இல் மதிப்புக்கூட்டு வரியானது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின், அந்தப் பழைய வரியின் வாரிசு மாநிலத்தின் கையில் எஞ்சியிருப்பது முக்கியமாக மதுவிலும் பெட்ரோல், டீசலிலும்தான். மதுப்பணம் வேண்டாம் என்பதற்காகப் பிறந்த வரியின் வழித்தோன்றல் இன்று மதுவிலிருந்து பணம் பெறுகிறது.

இங்கே தற்செயல் இல்லை. ஒவ்வொரு படியும் ஒரு முடிவு; ஒவ்வொரு முடிவுக்கும் அதன் காலத்து நியாயம் இருந்தது. இதை வைத்து ராஜாஜியைப் பழிப்பது நேர்மையாகாது. அவ்வரி பல பத்தாண்டுகள் மாநிலத்தின் நிதிக்கு முதுகெலும்பாக இருந்தது. ஆனால் நோக்கத்தைத் துறந்து கருவியை மட்டும் வைத்துக்கொள்ளும் அரசியலின் இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

ஆகவே தீர்ப்பு இது: சொல்லடக்கத்தில் ஔவை முதலிடம், கட்டமைப்பில், ஊழ்வினை விளக்கத்தை நீக்கிப் பார்த்தால், இளங்கோ, துணிவில் புதுமைப்பித்தன். வாழ்வில் தென்படும் முரண்களுள் காரணத்தொடர் காட்டமுடிந்தவற்றையே ஏற்கவேண்டும். மற்றவற்றை முரண்நகை என்று அழைப்பது, யார் எதைச் செய்தார் என்று கேட்கும் கடமையிலிருந்து நம்மை விடுவித்துவிடும். அந்த விடுதலையைத் திறனாய்வு ஏற்கலாகாது.