பாலேயிடம் பட்ட கடன்

ரஷ்ய நர்த்தகி அன்னா பாவ்லோவாவின் பாலேயில் மனம் பறிகொடுத்தவர் ருக்மிணி தேவி. பாவ்லோவா குழுவின் க்ளியோ நோர்டியிடம் பயிலவும் செய்தார். சொந்த நாட்டுக் கலையைத் தேடும்படி யோசனை சொன்னவர் பாவ்லோவாதான். ருக்மிணி தேவி சதிருக்கு வந்தார். 1935ல் அடையாறில் அரங்கேறினார். 1936ல் கலாக்ஷேத்ரா பிறந்தது.

பாலே பூமியை உதறி எழப் பார்க்கிறது. அரைமண்டி பூமியில் ஊன்றி நிற்கிறது. ஆகவே அவர் கடன் வாங்கியது அசைவை அல்ல. மேடை ஒழுங்கை, ஒளியமைப்பை, குழுவின் கட்டுப்பாட்டை. 1944ன் குற்றாலக் குறவஞ்சி முதலான நாட்டிய நாடகங்கள் இதன் பலன்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரே அடியை மனோதர்மப்படி விரித்துக்கொண்டே போன பாலசரஸ்வதியின் அபிநயம் எந்தக் குழு ஒழுங்கிலும் அடங்காது. மயிலாப்பூர் சபாக்களில் நாம் கை தட்டுவது பெரும்பாலும் பிசகாத கோடுகளுக்குத்தான். அங்கசுத்தம் அவசியம். அதையே கலை என்று எடுத்துக்கொள்வது நம் ரசனையின் சோம்பல்.