சீன உழவும் பேராசிரியர் லின்னின் கணக்கும்

1978க்கும் 1984க்கும் இடைப்பட்ட காலத்திற் சீனத்தின் பயிர் விளைவு நாற்பது வீதத்துக்கு மேற் பெருகிற்று. அதே காலத்திலேதான் கம்யூன்களின் கூட்டு வேளாண்மை கலைந்து, காணி குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டும் ஒருங்கு நிகழ்ந்தமையால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்பது எளிது, நிறுவுவதோ அரிது. அவ்வரிய பணியை மேற்கொண்டது, பேராசிரியர் ஜஸ்டின் யீபூ லின் 1992 இல் 'அமெரிக்கன் எக்கொனொமிக் றிவ்யூ' என்னும் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை. தைவானிற் பிறந்து, பீக்கிங்கிலும் சிக்காகோவிலும் பயின்று, 2008 முதல் 2012 வரை உலக வங்கியின் தலைமைப் பொருளியலாளராய் விளங்கியவர் அவர்.

கூட்டு முறையில் உழவர் பெற்றது உழைப்புப் புள்ளி. பரந்த வயலில் ஒவ்வொருவர் முயற்சியையும் மேற்பார்வை செய்து அளத்தல் இயலாதாகையால், ஊக்கமுடையோனும் சோம்பனும் ஏறத்தாழ ஒரே புள்ளியையே பெற்றனர். 1978 இன் இறுதியில் அன்ஹுவேய் மாகாணத்துச் சியாவோகாங் கிராமத்தில் 18 குடும்பத்தினர் மறைவாகக் கைச்சாத்திட்ட உடன்படிக்கை இந்நிலையை மாற்றியதன் சின்னமாயிற்று. ஏனைய மாகாணங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் மாறின. 1983 இன் முடிவில் மாறாதவை மிகச் சிலவே. இக்கால வேறுபாட்டையே லின் தம் அளவுகோலாக்கினார். 28 மாகாணங்களின் 1970 முதல் 1987 வரையான தரவுகளை ஆராய்ந்து, 1978 முதல் 1984 வரையான பெருக்கத்தில் ஏறக்குறைய அரைப்பங்கு குடும்பப் பொறுப்பு முறையாலும், மூன்றிலொரு பங்களவு பசளையாலும் விளைந்ததெனக் கண்டார். மாற்றத்தின் பயன் ஒருமுறை மட்டுமே கிடைக்கத்தக்கது என்பதையும் அவர் மறைத்தாரல்லர். தம் முடிபின் எல்லையைத் தாமே வகுக்கும் இந்நேர்மை ஆய்வாளரிடம் அருகியே காணப்படுவது.

ஆயினும் அந்த மூன்றிலொரு பங்கு நம்மைச் சற்றே நிறுத்துகின்றது. 1970களின் முற்பகுதியில் அரசு வெளிநாடுகளிலிருந்து வாங்கிய பெரும் பசளை ஆலைகளும், கலப்பின நெல்விதையும், கூட்டுழைப்பால் வெட்டப்பட்ட கால்வாய்களும் குடும்பங்கள் காணியைப் பெறுமுன்னரே ஆயத்தமாயிருந்தன. பசளையின்றி முயற்சியும், முயற்சியின்றிப் பசளையும் பயன்தருவது அரிது. இவற்றைத் தனித்தனிக் கூறுகளாய்ப் பகுப்பது கணக்குக்கு வசதி. வயல் அவ்வாறு பகுபடுவதன்று. பிலிப் ஹுவாங் 1990 இல் வெளியிட்ட நூலில், யாங்சிக் கழிமுகத்தில் வளம் பெருகியது பயிரால் அன்று, கிராமத் தொழில்களாலும் துணைத்தொழில்களாலுமே எனக் காட்டினார். நாடளாவிய சராசரியில் இத்தகைய வேறுபாடு மறைந்துபோகின்றது.

லின்னின் கூர்மையான கருத்து 1990 இல் அவர் எழுதிய மற்றொரு கட்டுரையில் உள்ளது. 1958 வரை கூட்டுறவிலிருந்து விலகும் உரிமை உறுப்பினருக்கு இருந்தது. அவ்வச்சமே ஒவ்வொருவரையும் ஒழுங்காய் உழைக்கச் செய்தது. கம்யூன் கட்டாயமானதும் அது நீங்க, விளைச்சல் வீழ்ந்தது என்பது அவர் கோட்பாடு. அழகிய கோட்பாடே, ஆனால் 1959 முதல் 1961 வரையான பஞ்சத்துக்கு அது முழு விளக்கமாகாது. டெனிஸ் தாவ் யாங்குடன் 2000 இல் வெளியிட்ட ஆய்வில், நகரங்களுக்குச் சார்பான தானியப் பங்கீடும் மரணங்களுக்குக் காரணமாயிற்று என அவரே காட்டினார். முன்னையது விளைவு ஏன் குறைந்தது என்கிறது. பின்னையது குறைந்ததை இழந்தவர் யார் என்கிறது. மாணாக்கர் இரண்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

விலகும் உரிமை அத்துணை வலியதாயின், அதே கோலால் 1980களையும் அளக்கலாமன்றோ? குடும்பம் தன் உழைப்புக்கு உரிமை பெற்றது; காணியின் உடைமையோ கிராமக் கூட்டமைப்பிடமே நின்றது. ஒப்பந்தக் காலம் 1984 இல் 15 ஆண்டாகவும், 1993 இல் மேலும் 30 ஆண்டாகவும் நீட்டப்பட்டது. எனினும், குடும்ப எண்ணிக்கை மாறியபோது பல கிராமங்கள் காணியை மீளப் பங்கிட்டன. நகரம் சென்றவன் தன் பங்கை விற்க இயலாது. மறு வருடமே பறிபோகக்கூடிய காணியும் 15 ஆண்டுக்கு உறுதியான காணியும் லின்னின் அளவுகோலில் ஒன்றே. மீள்பங்கீட்டைத் தடுக்க 2002 இல் கிராமக் காணி ஒப்பந்தச் சட்டம் ஏன் வேண்டியதாயிற்று என்னும் வினாவுக்கு அவர் அட்டவணைகளில் விடையில்லை.