மூச்சா, சாப்பாடா

'வால்' ஆவணப்படத்தில் (2021, இயக்கம்: லியோ ஸ்காட், டிங் பூ) நடிகர் வால் கில்மர் தொண்டைத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு பேசுகிறார். மூச்சு விடுவதா, சாப்பிடுவதா, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள முடிகிறது என்கிறார். படத்தின் மிக முக்கியமான இடம் இது. அந்த ஒரு பேச்சோடு விட்டுவிட்டுப் படம் மறுபடி பழைய வீடியோக்களுக்குள் போய்விடுகிறது.

கில்மர் பல பத்தாண்டுகளாகத் தன்னைத்தானே படம் பிடித்து வைத்திருந்தவர். அப்பாவின் வார்த்தைகளை மகன் ஜாக் தன் குரலில் சொல்வது அருமையான யோசனை. ரெண்டு பேர் குரலும் அவ்வளவு ஒத்துப்போகிறது. ஆனால் அன்று அழகன், இன்று இப்படி என்ற வெட்டுகள் தொண்டைப் புற்றுநோயைத் தேதியுள்ள ஒரு விபத்தாக்கிவிடுகின்றன.

கதிர்வீச்சு சிகிச்சை பெரும்பாலும் ஆறேழு வாரம். கழுத்துக்குள் அது முடிவதில்லை. கதிர்பட்ட சதை மெல்ல நாராக இறுகி நரம்பை நெரிக்கும். நரம்புக்கு ரத்தம் தரும் சிறு குழாய்கள் சுருங்கும். ஐந்து வருடம், பத்து வருடம், சிலருக்கு அதற்கும் பிறகு, நாக்கை அசைக்கும் நரம்பு செயலிழக்கத் தொடங்கும். நாக்கின் ஒரு பக்கம் சூம்பிவிடும். நீட்டினால் அந்தப் பக்கமே சாயும். பேச்சு குழறும். தொண்டைக்கும் குரல்நாணுக்கும் போகும் நரம்பும் கெட்டால், தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமல் வராது. புரையேறினால்தானே தெரியும்? "கேன்சர் போய் இத்தனை வருஷம் ஆச்சே, இப்ப என்ன?" என்பார்கள் வீட்டில். மறுபடி கட்டியோ என்று பயந்து ஸ்கேன் எடுத்து, இல்லை என்று வந்தால், அதுவே நல்ல செய்தியாகி விசாரணை நின்றுவிடுவதும் உண்டு.

கில்மரின் குரலை மாற்றியது மூச்சுக்குழாய்த் துளை. அவருக்கு இந்த நரம்புச் சேதம் இருந்ததாகப் படம் சொல்லவில்லை. என் சண்டை படத்தின் காலக்கணக்கோடு. 'குணமாகிவிட்டது' என்ற சொல்லுக்குப் பிறகான வருடங்களை அது மனநிலையாக மட்டுமே பார்க்கிறது: ஏக்கம், நகைச்சுவை, கொஞ்சம் ஆன்மிகம். நோயை வெல்லும் படங்கள் எல்லாமே இப்படித்தான். இது அவற்றில் நல்ல படம், அதனால்தான் உறுத்துகிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போடும் இடத்தில் அவருக்கு உடம்பு முடியாமல் போகிறது. குப்பைத்தொட்டியில் வாந்தி எடுக்கிறார். போர்வையால் மூடிச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். காமிரா அங்கே விலகவில்லை. அவர் ஒரு வாய்ச் சோறு விழுங்கி முடிக்கும் நேரம் முழுக்கவும் அது அப்படி நின்றிருக்கலாம்.