இறங்கி நிற்கும் இசை

துயரச் சொல்லுக்கு மைனர், மகிழ்ச்சிச் சொல்லுக்கு மேஜர் என்று பாடற்குழுவினர் பலர் எளிதாக வகுத்துவிடுகின்றனர். லுத்தரன் சபையினரான பாக் இயற்றிய பி மைனர் திருப்பலியில், ஆண்டவர் சிலுவையில் அறையப்பட்டு அடக்கம் செய்யப்பட்டதைச் சொல்லும் 'குருசிஃபிக்சுஸ்' பகுதியைக் கேட்கும்போது, இவ்வாய்பாடு எத்துணைச் சிறியது என்பது நமக்குப் புலப்படுகிறது.

ஈ மைனரில் அமைந்த இப்பகுதிக்கு அடித்தளம் ஒரே தாழ்சுரத் தொடர். ஈ சுரத்தில் தொடங்கி பி சுரம் வரை அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கும் அத்தொடர் 13 முறை வருகிறது. மேலே நான்கு குரல்கள் விம்முகின்றன. கீழே அந்த நடை தளர்வதேயில்லை. சிலுவை சுமப்பவரின் காலடிகள் என்று சொல்லத் தோன்றும். ஆயினும் பாக்கின் கருத்து அதுவே என்று நாம் அடித்துச் சொல்லோம். (13 என்னும் எண்ணில் மறைபொருள் தேடுவோரும் உளர். அவர்களை அவர்கள் வழியில் விட்டுவிடுவோம்.)

இங்கே ஒரு தடை எழும். இவ்விசை இச்சொற்களுக்காகப் பிறந்ததன்று. 1714-இல் வைமர் நகரில், கிறித்தவரின் கண்ணீரையும் கவலையையும் பாடும் கந்தாத்தா ஒன்றுக்காக எஃப் மைனரில் எழுதியதையே, 1748-49-இல் திருப்பலியை நிறைவு செய்தபோது அவர் எடுத்தாண்டார். வேறு சொல்லுக்கு எழுந்த இசை இச்சொல்லை எங்ஙனம் பிரதிபலிக்கும்? திரைமெட்டில் பக்திச் சொற்களை ஏற்றுவோர் இதையே சான்றாகக் காட்டி நம்மை மடக்கவும் கூடும்.

விடை அவர் மாற்றியவற்றில் இருக்கிறது. பழைய பாடல், நடுப்பகுதிக்குப்பின் தொடக்கத்துக்கே திரும்புவது. அழுகையின் இயல்பும் அதுவே. ஓய்ந்தாற்போலிருந்து மீண்டும் வரும். அடக்கச் சடங்கோ பின்னோக்கித் திரும்புவதில்லை. எனவே முதற்பகுதியை மட்டும் கொண்டு, அதற்குப் புதிய முடிவொன்று அமைத்தார். பதின்மூன்றாம் சுற்றில் புல்லாங்குழல்களும் வயலின்களும் ஓய்கின்றன. குரல்கள் தாழ்ந்து, கல்லறைக்குள் இறங்குவனபோல் அடங்குகின்றன. தாழ்சுரம் தன் பழைய தடத்தைவிட்டு விலக, இசை ஜி மேஜரில் வந்து நிற்கிறது.

மேஜர்தான், மகிழ்ச்சி இல்லை. நம்பிக்கையின் ஒளி என்று இதனை விளக்குவோரோடு நாம் முற்றிலும் உடன்படுவதற்கில்லை. வேதனை முடிந்த உடலின் அமைதி, பெரிய சனிக்கிழமையின் அமைதி, அவ்வளவே. உயிர்ப்பு அடுத்த பகுதியில், டி மேஜரில், ட்ரம்பெட்டுகளுடன் முழங்கும். இடையில் ஒரு மூச்சுக்கும் இடம் தராது அதற்குள் பாய்ந்துவிடும் இசைத்தட்டுகள் சில உண்டு. ஆண்டவர் கல்லறையில் கிடந்த நேரத்தை அவை நம்மிடமிருந்து பறித்துக்கொள்கின்றன.