தலையூர்க் காளியை யார் எழுதுவது?

"சங்கர்தான் நம்முடைய கோனன்" என்ற பேச்சு இப்போது கோவையில் மிகைபுனைவு வாசிக்கிறவர்களிடமும், பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடுகிறவர்களிடமும் அடிபடுகிறது. கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையின் நாயகர்களான பொன்னர், சங்கர் இருவரில் இளையவன், முன்கோபி, சொல்லுக்கு முன் வாள் எடுப்பவன். எனவே மேற்கத்தியக் கதைகளின் காட்டு வீரனுக்கு நிகரானவன் என்பது வாதம். இதைவிடத் தலைகீழான வாசிப்பு இருக்க முடியாது. சங்கர் வளநாட்டை ஆளப் பிறந்தவன். உழுத நிலமும் அரண்மனையும் அவன் பக்கம். காடு எதிர்ப்பக்கம் நிற்கிறது. அங்கே இருப்பவன் வேட்டுவர் தலைவன் தலையூர்க் காளி. நம் ஊர்க் கோனனைத் தேடுகிறவர்கள் அவனைத் தாண்டிப் போய் அரசகுமாரனுக்கு மாலை போடுகிறார்கள்.

மேற்கின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டெக்சாஸின் கிராஸ் பிளெயின்ஸில் வாழ்ந்த ராபர்ட் இ. ஹோவர்ட் 1932 டிசம்பரில் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் கோனனை அறிமுகப்படுத்தினார். எண்ணெய்க் கிணறுகள் வந்ததும் சிற்றூர்கள் பணத்தில் ஊதிச் சீரழிவதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். நாகரிகம் ஒரு தற்காலிக ஏற்பாடு, காடு திரும்ப வந்தே தீரும் என்ற அவருடைய கசப்பு அங்கே ஊறியது. 1936இல் முப்பது வயதில் இறந்துபோனார். 1960களில் பிராங்க் பிரசெட்டா வரைந்த அட்டைப் படங்கள் கசப்பை மறைத்துத் தசையை முன்னிறுத்தின. 1982இல் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் படம் அந்தத் தசைக்கு முகமும் கொடுத்தது. அதே ஆண்டு 'டிராகன்' இதழில் கேரி கைகாக்ஸ் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்துக்காகக் காட்டு வீரனைத் தனி வகையாக அமைத்தார். அவனிடம் மந்திரத்தின் மேல் தீராத அவநம்பிக்கையாவது இருந்தது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு அதையும் கழற்றிவிட்டு, நாளுக்கு இத்தனை முறை என்று எண்ணிச் செலவழிக்கும் சினத்தை மட்டும் அவன் கையில் கொடுத்தது. ஒரு சமூகம் இன்னொன்றின்மேல் கொண்ட வழக்கு இப்படித்தான் ஆட்டத் தாளில் ஒரு கட்டமாகச் சுருங்கியது.

தமிழில் அந்த வழக்கு மிகப் பழையது. சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் சாமியாடும் சாலினி, அயலார் பட்டியில் ஆநிரை பெருகியிருக்க வேடர்களான எயினரின் மன்றம் பாழாகிவிட்டது, வில்லோர் சாதுவாக அடங்கிவிட்டார்கள் என்று தன் குடியையே ஏசுகிறாள். ஹோவர்டின் மொத்தக் கவலையும் அந்த ஏச்சில் இருக்கிறது. வேடன் திண்ணன் கண்ணப்பரான கதையைப் பிறகு வந்த சேக்கிழார் விரித்துப் பாடினார். மாபெரும் கவிதைதான், ஆனால் அதற்குப்பின் வேடனுக்கு நம் இலக்கியத்தில் இடம் வேண்டுமென்றால் அவன் பக்தனாக வேண்டியதாயிற்று.

பக்தனாகாத வேடனைக் காப்பாற்றி வைத்தது கொங்கு நாட்டு உடுக்கடிப் பாட்டுதான். 1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் இரவு இரவாகப் பாடப்பட்ட அண்ணன்மார் கதையை மானிடவியலாளர் பிரெண்டா பெக் ஒலிநாடாவில் பதிந்தார். அந்த வடிவத்தைப் பொறுமையாகப் படிக்கிறவருக்கு ஒன்று உறைக்கும்: சண்டையைத் தொடங்கியவர்கள் வேட்டுவர்கள் அல்லர். தங்கை தங்காள் ஒரு கிளி ஜோடிக்கு ஆசைப்படுகிறாள். அண்ணன்மார் ஆள்கட்டோடு வேட்டுவர் காட்டில் புகுந்து ஆண் கிளியைப் பிடித்து வருகிறார்கள். துணையை இழந்த பெண் கிளியின் அழுகை வேட்டுவப் பெண் விரதங்காளின் காதுக்குப் போகிறது. அதற்குப் பின்புதான் அவள் வளர்த்த கொம்பன் என்ற காட்டுப்பன்றி வளநாட்டு வெள்ளாமையை உழுது நாசமாக்குகிறது. காட்டின் நியாயத்தைப் பாடகர்கள் ஒளிக்கவில்லை. கேட்பவர்கள் பெரும்பாலும் குடியானவர்களாக இருந்த கூட்டத்தில், குடியானவர் தெய்வங்களைப் பற்றிய பாட்டில், முதல் தப்பு நம்முடையது என்று பாட அவர்களுக்குத் தைரியம் இருந்தது.

தோள்வலிமையையும் இந்தப் பாட்டு லேசில் நம்புவதில்லை. கொம்பனை வேட்டையாடப் போனவர்கள் பொன்னாச்சி என்ற சின்ன நாயைக் கூப்பிட மறந்துவிடுகிறார்கள். படை நோயில் விழுகிறது. அவளை வரவழைத்து, அவள் பன்றியைக் கடித்துத் தளரச் செய்த பிறகுதான் சங்கரின் ஈட்டிக்கு வேலை வருகிறது. அண்ணன்மார் பக்கத்தில் உண்மையான போர்வெறி யாரிடம் என்று கேட்டால் நான் பறை முழக்கும் சாம்புவனைத்தான் சொல்வேன். கோனன் ஒப்பீடு செய்கிறவர்கள் அவன் பெயரைக்கூடச் சொல்வதில்லை. வெறியின் விலையும் இந்தக் கதைக்குத் தெரியும். ஊர்களில் இந்தக் கதையின் படுகளச் சடங்கு நடக்கும்போது அருள் ஏறிய ஆண்கள் பிணமாகச் சாய்வதையும், அவர்களை எழுப்பும்வரை கூட்டம் மூச்சடக்கி நிற்பதையும் பார்த்தவர்களுக்கு, பகடை எண்ணிக்கையில் வரும் சினம் சப்பென்று இருக்கும்.

அச்சுக்கும் திரைக்கும் வந்ததும் கதை சுருங்கியது. மு. கருணாநிதி இதை 'பொன்னர் சங்கர்' என்ற வரலாற்றுப் புதினமாக்கினார். தலைப்பே யாருடைய கதை என்று தீர்ப்பு எழுதிவிட்டது. 2011இல் தியாகராஜன் இயக்கத்தில் பிரசாந்த் இரட்டை வேடமிட்ட படத்தில் கோட்டை, கவசம், குதிரை எல்லாம் பளபளத்தன. காடு வெறும் பின்னணித் திரையாக நின்றது. வேட்டுவக் கவுண்டர் குடிகள் தங்கள் முன்னோனாகப் போற்றும் ஒரு தலைவன் கொடியவன் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போனது எனக்கு இன்றும் ஆறவில்லை. பெக் பின்னர் இருபத்தாறு பகுதிகளாக உருவாக்கிய அசைபடத் தொடர் கதையின் அகலத்தை மதித்தது. அதற்குக் கிடைத்த கவனமோ மிகச் சொற்பம்.

சு. வெங்கடேசன் ஆனந்த விகடனில் எழுதிய 'வேள்பாரி' பறம்பு மலையை நடுவில் வைத்தது. மூவேந்தரை முற்றுகையிட வந்தவர்களாக நிறுத்தியது. தமிழ் மிகைபுனைவில் இது பெரிய திருப்பம், சந்தேகமே இல்லை. ஆனால் பறம்பின் மக்கள் மிகவும் நல்லவர்கள். காட்டின் ஒவ்வொரு இலையையும் அறிந்த அவர்களிடம் குற்றம் அதிகமில்லை. சாலினி ஏசிய எயினரின் பசியும் கொள்ளையும் அங்கே வடிகட்டப்பட்டுவிட்டன. கெட்டவனாக்குவது ஒரு வகை அடக்குமுறை என்றால், மாசற்றவனாக்குவதும் அவனை மனிதனாகப் பார்க்க மறுப்பதுதான்.

கொங்கு மண்ணில் மிகைபுனைவு எழுதப் புறப்படுகிறவர்களும், வளநாட்டை வரைபடமாக்கி ஆட்டம் அமைக்க நினைக்கிறவர்களும் வேட்டுவர் எல்லைக்குள்ளிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கிறேன். கொள்ளையும் கோபமும் காட்டின் மேல் உரிமையும் ஒன்றாகக் கலந்த காளியை, மன்னிப்புக் கேட்காமல் எழுதுங்கள். முடிந்தால் அவனுக்கும் முன்பு விரதங்காளை எழுதுங்கள். கிளியைப் பறிகொடுத்தவள், கொம்பனை வளர்த்தவள், ஒரு நாட்டின் வெள்ளாமையையே பழிக்கு ஈடாகக் கேட்டவள் அவள். தங்காளுக்குக் கோயில்களில் சிலை இருக்கிறது. விரதங்காளின் பக்கத்திலிருந்து இந்தப் போரைச் சொல்லும் ஒரு நாவலை நான் இன்னும் வாசிக்கவில்லை.